பள்ளி வீரர்களுக்கு வலுப் பயிற்சி: அணியோடா, ஜிம்மிலா, வீட்டிலா? மனப்பயிற்சியை எங்கே சேர்ப்பது?

பள்ளி அணியில் ஆடும் பிள்ளை உள்ள வீட்டில் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்தே தீரும். போன ஆண்டு சமமாக ஓடிய எதிரணிப் பையன் இந்த ஆண்டு அகன்ற தோளோடு வந்து நிற்கிறான். மோதினால் நம் பிள்ளைதான் விழுகிறான். அல்லது உடம்பில் ஒரு குறையும் இல்லை, பயிற்சியில் அசராமல் ஆடுகிற பெண், இறுதி ஆட்டத்தில் கை உதறலோடு நிற்கிறாள். உடனே ஆளுக்கொரு யோசனை வருகிறது. ஜிம்மில் சேருங்கள் என்கிறார் ஒருவர். ஃபோனில் எல்லாம் இருக்கிறது, வீட்டிலேயே செய்யட்டும் என்கிறார் இன்னொருவர். மனவலிமை முகாமுக்கு அனுப்பச் சொல்கிறார்கள். இந்த வயதில் எடை தூக்கினால் உயரம் நின்றுவிடும், ஆடினால் மட்டும் போதும் என்கிற குரலும் கேட்கிறது.

எல்லாவற்றையும் செய்ய எந்தப் பிள்ளைக்கும் நேரம் கிடையாது. படிப்பு, அணிப் பயிற்சி, ஆட்டங்கள், தூக்கம் எல்லாம் போக வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் மிஞ்சினால் பெரிது. அந்த நேரத்தை எங்கே செலவிடுவது என்பதுதான் முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருவிகளைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பிள்ளையின் அசைவைக் கவனித்துத் திருத்துகிற ஆள் எங்கே இருக்கிறார் என்று பாருங்கள். மனப்பயிற்சிக்குத் தனியாகப் பணம் கட்டுவதற்கு முன்னால், அது அந்த இடத்திலேயே நடக்க வாய்ப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

## உயரம் நின்றுவிடுமா?

இந்தப் பயம் தீராமல் மற்ற எதுவும் காதில் ஏறாது. முறையான கண்காணிப்போடு செய்யும் எடைப் பயிற்சி உயரத்தைக் குறைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் செயல்களை வாரத்துக்குக் குறைந்தது 3 நாளாவது செய்ய வேண்டும் என்றே சொல்கிறது.

எலும்பு நீள்வது எந்த இடத்திலோ அந்த வளர்ச்சித் தட்டுகள், எலும்பு முனைகளில் உள்ளவை, மென்மையானவை என்பது உண்மைதான். எடைப் பயிற்சியில் அவை அடிபட்டதாகப் பதிவானவற்றில் பெரும்பாலும், யாரும் பார்க்காத நேரத்தில், தவறான முறையில், தாங்காத எடையைத் தூக்கியதே காரணமாக இருந்திருக்கிறது. அமெரிக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்த எடைப் பயிற்சிக் காயங்களை அலசிய ஓர் ஆய்வு 2009-இல் வெளியானது. அதில் 8 முதல் 13 வயதுப் பிள்ளைகளின் காயங்களில் மூன்றில் இரண்டு பங்கு கையிலும் பாதத்திலும் ஏற்பட்டவை. எடை நழுவிக் காலில் விழுந்தது, இரண்டு இரும்புக்கு நடுவே விரல் மாட்டியது, இப்படித்தான் பெரும்பாலானவை. அதாவது, 'எடுத்த டம்பெல்லை எடுத்த இடத்தில் வை' என்று சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால் பல காயங்கள் நடந்திருக்காது.

வளர்ச்சித் தட்டுகளைக் காலத்துக்கு முன்பே மூட வைத்து உயரத்தை நிறுத்தக்கூடியவை, தசையைப் பெருக்கச் சிலர் எடுக்கும் ஹார்மோன் மருந்துகளான அனபாலிக் ஸ்டீராய்டுகள். பயப்பட வேண்டியது அவற்றுக்கு.

## எதை வைத்து எடைபோடுவது?

கவனிக்கும் ஆள். என் பார்வையில் இதுதான் முதல் அளவுகோல், மற்றவை எல்லாம் இதற்குப் பின்னால்தான். ஆஸ்திரேலியாவில் இளம் ரக்பி வீரர்களை இரண்டு குழுவாகப் பிரித்து 12 வாரம் ஒரே பயிற்சித் திட்டத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2004-இல் வெளியானது. வீரர்களின் சராசரி வயது 17-ஐ ஒட்டி. ஒரு குழுவோடு பயிற்சியாளர் கூடவே நின்றார். இன்னொரு குழு தானாகச் செய்தது. திட்டம் ஒன்றாக இருந்தும், ஆள் கூட நின்ற குழுதான் அதிக வலுப்பெற்றது. அந்தக் குழுதான் பயிற்சிக்கு அதிக நாள் வந்தும் இருந்தது. பயிற்சியாளர் ஒருவருக்கு எத்தனை பேர் என்பதும் முக்கியம். உயர்நிலைப் பள்ளி வயதில் ஒருவருக்கு 15 பேர் வரை என்பது வலுப் பயிற்சித் துறையில் ஏற்றுக்கொண்ட வரம்பு. சின்ன வகுப்புகளுக்கு 10 பேர்.

தொடர்ச்சி. ஆரம்ப வாரங்களில் கூடும் வலுவுக்குத் தசை பெருப்பது காரணமில்லை. இருக்கிற தசையை நரம்பு மண்டலம் இன்னும் நன்றாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்கிறது, அவ்வளவுதான். அதனால் கண்ணாடியில் ஒன்றும் தெரியாத அந்தக் காலத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மூன்று மாதம் விடாமல் போகக்கூடிய ஏற்பாடு எது என்று கேளுங்கள்.

ஆட்டத்தின் பளுவோடு ஒத்துப்போவது. சனிக்கிழமை ஆட்டம் என்றால் வெள்ளிக்கிழமை கால் தசைகளைப் பிழிந்தெடுக்கிற திட்டம் எவ்வளவு நல்லதானாலும் தப்பு.

வளர்ச்சிக் கட்டம். பெண்களுக்குச் சுமார் 12 வயதிலும் ஆண்களுக்குச் சுமார் 14 வயதிலும் உயரம் மிக வேகமாகக் கூடும். ஆளுக்கு ஆள் இது ஓரிரு ஆண்டு முன்பின்னாகும். அந்தச் சமயத்தில் எலும்பு நீள்கிற வேகத்துக்குத் தசை ஈடுகொடுப்பதில்லை. போன மாதம் அழகாக ஓடிய பையன் இந்த மாதம் தன் கால்களே தனக்குப் புதிது என்பது போல் தடுமாறுவான். முழங்காலுக்குக் கீழே, குதிகாலில் வலி வருவதும் அப்போதுதான். ஒரே வகுப்பில் இந்தக் கட்டத்தைத் தாண்டியவனும் தொடாதவனும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள். அந்த வித்தியாசத்தைக் கவனிக்காத ஏற்பாடு எதுவானாலும் அதற்கு நான் மதிப்பெண் குறைப்பேன்.

மனதுக்கு என்ன கிடைக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்த உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா, 1977-இல் அதற்கு நான்கு மூலங்களைச் சொன்னார்: தானே செய்து வென்ற அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம், தன் உடம்பு தரும் அறிகுறிகளைத் தான் புரிந்துகொள்ளும் விதம். நான்கிலும் வலுவானது முதலாவது. ஊக்க வார்த்தை அதைவிடப் பலவீனமானது.

வலுப் பயிற்சியில் அந்த முதல் மூலம் அள்ள அள்ளக் கிடைக்கிறது. ஆட்டத்தில் நன்றாக ஆடியும் தோற்கலாம், நடுவர் தவறலாம், மழை வரலாம். இங்கே அப்படி இல்லை. ஒரு மாணவியின் பயிற்சி நோட்டைப் புரட்டுங்கள். முதல் பக்கத்தில்: 10 கிலோ டம்பெல்லை நெஞ்சோடு அணைத்து ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), 8 ரெப் (8 தடவை), 'கடைசி இரண்டில் குதிகால் தூக்கியது'. இரண்டு வாரம் கழித்து: அதே 10 கிலோ, 10 ரெப், 'குதிகால் நின்றது'. அப்புறம் 12 ரெப். அதற்கு அடுத்த பக்கத்தில் எடை கொஞ்சம் கூடி மறுபடியும் 8 ரெப். தன் கையெழுத்தில் இருக்கும் இந்தக் கணக்கை யாராலும் அவளிடமிருந்து பறிக்க முடியாது. முயற்சி செய்தால் தேறலாம் என்பதை அவளுக்குத் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதும் இல்லை.

வெளியே தெரியாத செலவு. கட்டணம் எல்லோருக்கும் தெரியும். போக்குவரத்து நேரம், அதனால் குறையும் தூக்கம், தசை வளரும் என்று திணிக்கப்படும் பவுடர் டப்பாக்கள், உடம்பைப் பற்றிய தாழ்வு மனப்பான்மை, இவை பிறகுதான் தெரியவரும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | பள்ளி அணியோடு | ஜிம், தனிப் பயிற்சியாளர் | வீட்டில், ஃபோன் திட்டம் | ஆட்டம் மட்டும் |
|---|---|---|---|---|
| கவனிக்கும் ஆள் | உண்டு, கூட்டம் மிகுந்தால் குறையும் | ஆளைப் பொறுத்து மிக நன்று | இல்லை | வலுவுக்கென்று இல்லை |
| தொடர்ச்சி | நன்று | பணமும் நேரமும் உள்ளவரை | பெரும்பாலும் தளரும் | தானாகவே நடக்கும் |
| ஆட்டப் பளுவோடு ஒத்துப்போவது | மிக நன்று | பேசி வைத்தால்தான் | மாணவரின் கையில் | சிக்கல் இல்லை |
| வளர்ச்சிக் கட்டத்துக்கு ஏற்ப மாற்றுவது | பலவீனம் | வலிமை | கிடையாது | பொருந்தாது |
| மனதுக்கு | தோழமை, பொறுப்பு | தன் முன்னேற்றம் கண்ணெதிரே | சுய ஒழுங்கு | வெற்றி தோல்வியை நம்பியது |
| மறைமுகச் செலவு | எல்லோருக்கும் ஒரே திட்டம் | பயண நேரம், சப்ளிமெண்ட், தோற்றக் கவலை | தவறான முறை பழகிப்போவது | காயம், தேக்கம் |

## பள்ளி அணியோடு

நல்ல கோச் இருந்தால் என் முதல் ஓட்டு இதற்குத்தான். அடுத்த ஆட்டம் என்றைக்கு, நேற்று யார் எவ்வளவு ஓடினார்கள், யாருக்குத் தொடை பிடித்திருக்கிறது என்று ஒரே ஆளுக்குத் தெரிந்திருப்பது பெரிய வசதி. பயண நேரம் கிடையாது. பண்டூரா சொன்ன இரண்டாவது மூலமும் இங்கே இலவசமாகக் கிடைக்கிறது: தன்னைப் போலவே இருந்த அண்ணனோ அக்காவோ இரண்டே ஆண்டில் எப்படி மாறினார் என்று பிள்ளை தினமும் பார்க்கிறது.

கருவி இல்லாத பள்ளிக்கும் வழி உண்டு. ஃபிஃபா உருவாக்கிய '11 பிளஸ்' என்ற வார்ம்-அப் திட்டம் 20 நிமிடம் எடுக்கும், 15 பயிற்சிகள் கொண்டது. மெதுவோட்டம், பிளாங்க் (முழங்கையை ஊன்றி உடம்பை நேராக நிறுத்துவது), தொடையின் பின்பக்கத் தசைக்கான நார்டிக் பயிற்சி, ஒற்றைக்கால் சமநிலை, ஸ்குவாட், குதித்து இறங்குதல், வேக ஓட்டம், அவ்வளவுதான். நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண் கால்பந்து வீராங்கனைகளிடம் இதைச் சோதித்து 2008-இல் வெளியிட்டார்கள். மொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. பெண் பிள்ளைகள் குதித்து இறங்கும்போது முழங்கால் உள்ளே சாய்வதைத் திருத்துவது மிக முக்கியம். முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் அறுவது கால்பந்து, கூடைப்பந்து போன்ற ஆட்டங்களில் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம்.

இதன் பலவீனம், எல்லோருக்கும் ஒரே திட்டம் என்பது. 14 வயதுப் பையனும் 17 வயதுப் பையனும் ஒரே எடையைத் தூக்க வேண்டிய நிலை வந்தால் அது பயிற்சியே இல்லை.

இன்னொன்று இருக்கிறது, அதை நான் பொறுத்துக்கொள்ள மாட்டேன். பயிற்சியைத் தண்டனையாகக் கொடுப்பது. தோற்றதற்கு 200 ஸ்குவாட், தாமதமாக வந்ததற்கு மயங்கும்வரை ஓட்டம். 'மனதை உறுதியாக்குகிறோம்' என்று இதற்குப் பெயர் வைக்கிறார்கள். விடுமுறை முடிந்து வந்த உடம்பை ஒரே நாளில் இப்படி வாட்டினால் தசை நார்கள் சிதைந்து, அதிலிருந்து வெளிவரும் பொருள்கள் சிறுநீரகத்தைத் தாக்கலாம். அதற்கு ராப்டோமயோலிசிஸ் என்று பெயர். கடுமையான பயிற்சிக்குப் பிறகு தாங்க முடியாத தசைவலியோடு சிறுநீர் கரும்பழுப்பு நிறத்தில் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இப்படி நடத்தும் அணியில் வேறு எத்தனை வசதி இருந்தாலும் நான் பிள்ளையை அனுப்ப மாட்டேன். உடம்புக்குள்ள ஆபத்து ஒருபக்கம் இருக்க, வலுப் பயிற்சி என்றாலே அவமானம் என்று அந்தப் பிள்ளையின் மனதில் பதிந்துவிடும்.

## ஜிம்மில் தனிப் பயிற்சியாளரோடு

ஒருவர் ஒருவரை மட்டும் கவனிப்பதால் வரும் பலன் பெரியது. இடைவிடாமல் செய்யும் ஒரு சுற்றுக்குச் செட் என்று பெயர். மூன்றாவது செட்டின் கடைசி இரண்டு ரெப்பைப் பாருங்கள். களைப்பு ஏறும்போதுதான் முழங்கால் உள்ளே சாய்கிறது, முதுகு வளைகிறது, மூச்சு அடைபடுகிறது. நல்ல பயிற்சியாளர் அங்கேயே 'போதும், வை' என்பார். சுமாரான பயிற்சியாளர் 'இன்னும் ஒன்று, விடாதே' என்று கத்துவார். ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய எனக்கு இந்த ஒரு காட்சி போதும்.

சான்றிதழ், பள்ளி வயதினரோடு வேலை செய்த அனுபவம், முதலுதவிப் பயிற்சி மூன்றையும் கேளுங்கள். அதற்குப் பிறகு ஒரு கேள்வி: 'இந்தத் திட்டத்தில் எப்போது எடையைக் கூட்டுவீர்கள்?' முறை சரியாக இருந்து, சொன்ன ரெப் எண்ணிக்கையைச் சிரமமில்லாமல் முடித்த பிறகு 5 முதல் 10 சதவீதம் கூட்டுவேன் என்கிற மாதிரி பதில் வந்தால் நல்லது. தொடக்கத்தில் ஒரு பயிற்சிக்கு 1 முதல் 3 செட், செட்டுக்கு 6 முதல் 15 ரெப், அடுத்தடுத்த நாளில் வராமல் வாரத்துக்கு 2 அல்லது 3 நாள் என்பது இந்த வயதுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. முதல் வாரமே 'அதிகபட்சம் எவ்வளவு தூக்குகிறான் பார்ப்போம்' என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

மறைமுகச் செலவு இங்கேதான் அதிகம். பல ஜிம்களில் கொடுக்கும் திட்டம் உடல் அழகுக்கானது: ஒரு நாள் நெஞ்சு, ஒரு நாள் கை, ஒரு நாள் தோள். கைப்பந்து ஆடும் பெண்ணுக்கு வேண்டியது இடுப்பு, தொடை, முதுகு எல்லாம் சேர்ந்து இயங்கும் வலு. இயந்திரங்கள் பெரியவர்களின் அளவுக்குச் செய்தவை; குள்ளமான பிள்ளைக்குக் கைப்பிடி ஓரிடத்திலும் மூட்டு வேறிடத்திலும் இருக்கும். பவுடர் டப்பா விற்பனை தனிக்கதை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 18 வயதுக்கு உட்பட்டவர்கள் வலுவுக்காக விற்கப்படும் கிரியேட்டின் என்ற பொருளை எடுப்பதை ஊக்குவிப்பதில்லை. மேலே போய் ஆடும் கனவு இருக்கும் பிள்ளைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. டப்பாவில் எழுதாத தடைசெய்யப்பட்ட பொருள் உள்ளே கலந்திருந்து பரிசோதனையில் சிக்கினால், 'எனக்குத் தெரியாது' என்பது ஊக்கமருந்து விதிகளில் தப்பிக்க வழி ஆகாது.

கண்ணாடிச் சுவர்களும் பெரியவர்களின் உடம்புகளும் சேர்ந்து 15 வயது மனதில் என்ன செய்யும் என்பதையும் யோசிக்க வேண்டும். பிள்ளை ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு வயிற்றுத் தசையைப் பற்றியே பேச ஆரம்பித்தால், சாப்பாட்டைக் குறைத்தால், பெண் பிள்ளைக்கு மாதவிடாய் தவறினால், உடனே கவனியுங்கள். போதிய உணவில்லாமல் கடுமையாகப் பயிற்சி செய்வது எலும்பையும் ஹார்மோனையும் பாதிக்கும்.

பெற்றோர் கேட்கத் தயங்குகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மூடிய அறையில் தனியாகப் பயிற்சி வேண்டாம். பெற்றோர் எந்த நேரமும் உள்ளே வரலாம் என்று இருக்க வேண்டும். இதற்கு முகம் சுளிக்கிற பயிற்சியாளர் வேண்டவே வேண்டாம்.

## வீட்டில், ஃபோனைப் பார்த்து

இதை மட்டமாக நினைக்கத் தேவையில்லை. புதிதாக ஆரம்பிக்கும் பிள்ளைக்கு முதல் இரண்டு மூன்று மாதத்துக்குத் தன் உடம்பின் எடையே போதும். ஸ்குவாட், முன்னால் காலெடுத்து வைத்து இறங்கும் லஞ்ச், புஷ்-அப், பிளாங்க், குப்புறப் படுத்து ஒரு கையும் எதிர்க்காலும் தூக்குவது, குதிகால் எம்பல் போதும். சுலபமாகிவிட்டால் ரெப்பை ஏற்றிக்கொண்டே போக வேண்டாம். இறங்கும்போது நான்கு எண்ணும்வரை மெதுவாக இறங்கட்டும், அப்புறம் ஒற்றைக்காலில் செய்யட்டும்.

இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்று, இழுக்கும் அசைவு. தரையில் தள்ளத்தான் முடியும், இழுக்க ஒன்றும் இல்லை. தொங்க ஒரு கம்பியோ இழுத்துப் பழகும் ரப்பர் பட்டையோ (ரெசிஸ்டன்ஸ் பேண்ட்) இல்லாமல் புஷ்-அப் மட்டும் செய்துகொண்டே போனால், எறிகிற, சர்வ் போடுகிற பிள்ளைக்குத் தோளின் முன்பக்கம் மட்டும் இறுகும். இரண்டாவது, கவனிக்கும் ஆள் இல்லை. ஃபோனைப் பக்கவாட்டில் இடுப்பு உயரத்தில் வைத்து ஒரு செட்டைப் பதிவு செய்து வாரம் ஒருமுறை கோச்சிடம் காட்டினால் இந்த ஓட்டை பாதி அடையும். வீடியோவில் செய்து காட்டுகிறவர் உங்கள் பிள்ளையைப் பார்ப்பதில்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

மனதைப் பொறுத்தவரை இது இருமுனைக் கத்தி. யாரும் சொல்லாமல் தானே எழுந்து செய்கிற பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பயிற்சி இல்லை. மற்றவர்களுக்கு மூன்றாவது வாரமே நின்றுபோய், 'என்னால் எதையும் முடிக்க முடியாது' என்ற எண்ணம்தான் மிஞ்சும். உங்கள் பிள்ளை எந்த ரகம் என்று உங்களுக்கே தெரியும்.

## ஆட்டம் மட்டும்

சிலருக்கு இதுதான் சரி. இரண்டு ஆட்டங்களில் இரண்டு அணிகளுக்கு ஓடிக்கொண்டிருப்பவர், வாரப் பயிற்சி மணிகள் தன் வயதின் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டவர் (16 வயதுக்கு 16 மணிக்கு மேல்), தூக்கம் கெட்டுப்போனவர், இவர்களிடம் இன்னொரு சுமையை ஏற்றக் கூடாது. 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், 8 மணிக்குக் குறைவாகத் தூங்கிய பள்ளி வீரர்கள் காயப்பட வாய்ப்பு மற்றவர்களைவிட 1.7 மடங்கு இருந்தது. அதிகாலை 5 மணி ஜிம்முக்காகத் தூக்கத்தை வெட்டுவது நல்ல பேரம் இல்லை. மற்ற எல்லோருக்கும் ஆட்டம் மட்டும் என்பது காலப்போக்கில் தேக்கத்தில் கொண்டுவிடும்.

## மனப்பயிற்சி: முகாமா, கோச்சா, உளவியலாளரா?

ஊக்க உரைகளையும் ஒருநாள் முகாம்களையும் நான் கடைசியில் வைக்கிறேன். கேட்கும்போது உடம்பு சிலிர்க்கும், உண்மை. ஆனால் அது பண்டூராவின் மூன்றாவது மூலம், பலவீனமானது.

'திறமை வளரக்கூடியது' என்று நம்ப வைத்தால் பிள்ளைகள் மாறுவார்களா என்று அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் சுமார் 12,000 பேரிடம் பெரிய சோதனை நடந்தது, 2019-இல் வெளியானது. மொத்தம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையப் பாடம்தான். மதிப்பெண் குறைவாக இருந்த மாணவர்களுக்குச் சிறிய அளவில் பலன் கிடைத்தது. கவனிக்க வேண்டிய இடம் வேறு: கூடப் படிப்பவர்கள் கடினமானதைத் தேடிப்போகிற பள்ளிகளில்தான் பலன் நன்றாக நிலைத்தது. இது படிப்பைப் பற்றிய சோதனை, ஆட்டத்தைப் பற்றியது இல்லை. இருந்தாலும், சுற்றியிருக்கும் இடம் ஒத்துழைக்காவிட்டால் வெறும் பாடம் ஒட்டாது என்பதை அணிக்கும் பொருத்திப் பார்க்கலாம் என்றே நினைக்கிறேன்.

அதனால் மனப்பயிற்சிக்கு நல்ல இடம் தினப் பயிற்சிக்குள்ளேதான். அங்கே செய்யக்கூடியவை எளியவை. ஒவ்வொரு கனமான செட்டுக்கு முன்பும் ஒரே வரிசை: கால் வை, ஒரு நீண்ட மூச்சு, ஒரு சொல், தூக்கு. அந்தச் சொல் 'நெஞ்சு மேலே' என்பது போல் செயலைச் சொல்வதாக இருக்கட்டும். இதே வரிசையை ஃப்ரீ த்ரோவுக்கும் பெனால்டிக்கும் கொண்டுபோகலாம். அப்புறம் 'இப்படி நடந்தால் இப்படிச் செய்வேன்' என்று முன்கூட்டியே எழுதிவைப்பது. 'முதல் சர்வ் வலையில் பட்டால், பந்தை இரண்டு முறை தட்டிவிட்டு ஆழமாகப் போடுவேன்.' உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் விளக்கிய முறை இது. 'நன்றாக ஆடுவேன்' என்கிற பொதுவான உறுதியைவிட இது உதவும், ஏனென்றால் பதற்றமான நேரத்தில் யோசிக்க வேண்டியதே இல்லை.

நெஞ்சு படபடப்பதைப் பயம் என்று எடுத்துக்கொள்ளாமல் உடம்பு தயாராகிறது என்று எடுத்துக்கொள்ளப் பழக்குவதும் இங்கேதான் முடியும். கனமான செட்டுக்கு முன்னால் படபடக்கிறது, செய்கிறாள், முடிகிறது. வாரம் இரண்டு முறை அதைப் பார்த்தவளுக்கு இறுதி ஆட்டத்தின் படபடப்பு புதிதாக இருக்காது.

விளையாட்டு உளவியலாளரிடம் போக வேண்டிய நேரங்களும் உண்டு. பெரிய காயத்துக்குப் பிறகு உடம்பு தேறியும் அந்த அசைவைச் செய்யப் பயம் போகாதபோது. பயிற்சியில் வருவது ஆட்டத்தில் மாதக்கணக்கில் வராதபோது. ஆட்டத்துக்கு முந்தைய நாள் வாந்தி, தூக்கமின்மை என்று உடம்பில் காட்டும்போது. அவர் முறையாக உளவியல் படித்தவரா என்று பாருங்கள். 'மனவலிமைப் பயிற்சியாளர்' என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம். பிள்ளை சொல்வதில் எது பெற்றோருக்கும் கோச்சுக்கும் போகும், எது போகாது என்பதை முதல் சந்திப்பிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். சோர்வு, யாரிடமும் பேசாமல் ஒதுங்குவது, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் என்று இருந்தால் ஆட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டு நேராக மருத்துவரிடம் போங்கள்.

## யாருக்கு எது?

முதல்முறை ஆரம்பிக்கும் 13, 14 வயதுப் பிள்ளைக்கு அணியில் கவனிக்கும் கோச் இருந்தால் அணி. இல்லாவிட்டால் வீட்டில் உடல் எடைப் பயிற்சி, அதைச் சரிபார்க்க மாதம் ஒருமுறை தெரிந்த பயிற்சியாளர் ஒருவர். இந்தக் கலவை செலவு குறைந்தது, பலரும் யோசிப்பதே இல்லை.

வேகமாக உயரம் கூடிக்கொண்டிருப்பவருக்கு எந்த இடமானாலும் எடையை ஏற்றுவதை நிறுத்திவைத்து, முறையையும் சமநிலையையும் கவனிக்கிற ஆள் வேண்டும். காயத்திலிருந்து மீள்பவருக்கும், தனிநபர் ஆட்டத்தில் மேல்நிலைப் போட்டிகளுக்குத் தயாராகும் 16, 17 வயதினருக்கும் தனிப் பயிற்சியாளர்தான் பொருத்தம். அதையும் ஆட்டங்கள் இல்லாத மாதங்களில் ஆரம்பிப்பது நல்லது. போட்டிக் காலத்தில் புதிதாக ஒன்றும் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதை வாரம் ஒன்று அல்லது இரண்டு நாளாகக் குறைத்துக் காப்பாற்றினால் போதும். தேர்வு மாதத்துக்கும் இதே கணக்குதான்.

எதை எடுத்தாலும் 12 வாரம் கொடுங்கள். அது முடிந்ததும் நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு பிள்ளையோடு உட்காருங்கள். எத்தனை நாள் போகாமல் விட்டது, தூக்கும் எடை கூடியதா, வலி எங்காவது தொடர்கிறதா, தூக்கம் 8 மணிக்குக் குறைந்ததா என்று பாருங்கள். நான்கில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் விட்டிருந்தால் திட்டத்தைக் குறை சொல்லாமல் இடத்தையோ நேரத்தையோ மாற்றுங்கள். ஒழுங்காகப் போயும் தூக்கும் எடை நின்ற இடத்திலேயே நின்றால், பெரும்பாலும் உணவோ தூக்கமோ போதவில்லை; பயிற்சியைக் கூட்டும் முன் அதைச் சரிசெய்யுங்கள். மூட்டில் ஒரே இடத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் வலி இருந்தால், அல்லது நொண்டி நடந்தால், அடுத்த பயிற்சிக்கு முன்னால் மருத்துவர் பார்க்கட்டும். இவை ஒன்றும் இல்லாமல், போகப் பிடித்திருக்கிறது என்று பிள்ளையே சொன்னால், பக்கத்து வீட்டுப் பையன் எந்த ஜிம்முக்குப் போனாலும் நீங்கள் எடுத்த ஏற்பாட்டை மாற்ற வேண்டாம்.